கார் பக்கத்தில் நிற்கிறவளுக்கு விலை போட்டது யார்?

#1 செம்பருத்தி

ரொம்ப நாளா இங்க சத்தம் போடாம வாசிச்சுட்டுப் போறவள். இழை ஆரம்பிக்கிறது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

மூணு வருஷமா கண்காட்சிகள்ல ஸ்டால் வேலை பார்க்கிறேன். புது கார், புது பைக், ஒரு தடவை வெறும் டயர். பக்கத்துல நிக்கணும், சிரிக்கணும், கேட்கிறவங்களோட போட்டோ எடுத்துக்கணும், அவ்வளவுதான் வேலை. காலையில ஹீல்ஸ் போட்டா ராத்திரி கழட்டும்போது குதிகால்ல ஒட்டின பிளாஸ்திரி தோலையும் சேர்த்து எடுத்துட்டு வரும். ஸ்டால்ல நாற்காலி இருக்கும், ஆனா அது வாடிக்கையாளருக்கு.

போன தடவை எங்க ஸ்டால்லயே எஞ்சினைப் பத்தி விளக்கம் சொல்ல ஒரு இன்ஜினியர் பையன் வந்திருந்தான். இடைவேளையில சம்பளப் பேச்சு வந்துச்சு. அந்த நாலு நாளுக்கு எனக்குக் கிடைச்சது அவனுக்குக் கிடைச்சதைவிட அதிகம். அவன் கோபப்படல, சிரிச்சான். "நான் நாலு வருஷம் படிச்சுட்டு வந்து தொண்டை கிழியப் பேசறேன், ஒருத்தன் கேட்கல. நீ நிக்கிற, கூட்டம் நிக்குது. பவர் உங்ககிட்டதான் இருக்கு"ன்னான்.

ரெண்டு வாரமா அது மண்டையில ஓடிட்டே இருக்கு. பவர் என்கிட்ட இருந்தா, பாவாடை நீளத்தை ஏன் நான் முடிவு பண்றதில்ல? எப்ப உட்காரலாம்னு ஏன் நான் முடிவு பண்றதில்ல? வயசு கேட்டா ரெண்டு குறைச்சுச் சொல்லச் சொல்றாரு எங்க ஒருங்கிணைப்பாளர். அடுத்த வருஷம் மூணு குறைக்கணும் போல.

முன்னாடியே சொல்லிடறேன், எனக்கு இந்த வேலையில வெட்கமெல்லாம் இல்ல. "பாவம்"னு யாரும் எழுதாதீங்க. கேள்வி ஒண்ணுதான். கூட்டம் என்னைப் பார்த்துத்தான் நிக்குதுன்னா, அந்த மதிப்பு என்னுதா, ஸ்டால்காரனுதா?

#2 நடுநிலை_நக்கீரன்

நல்ல கேள்வி சகோதரி, ஆனால் பதில் சிக்கலானதில்லை. சந்தை. தேவை அதிகம், வரத்துக் குறைவு, விலை ஏறுகிறது. மாடலிங் துறையில் பெண்கள் ஆண்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள், அப்படிப்பட்ட துறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கேத்தரின் ஹக்கீம் என்கிற சமூகவியலாளர் 2010-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: கவர்ச்சி மூலதனம். பணம், படிப்பு, பழக்கவழக்கம் மாதிரி அதுவும் ஒரு மூலதனம். உங்களிடம் இருக்கிறது, பயன்படுத்துகிறீர்கள், அந்தப் பையனைவிட அதிகம் வாங்குகிறீர்கள். இதில் புகார் என்ன?

பாவாடை நீளம் பற்றி: செக்யூரிட்டிக்கும் சீருடை உண்டு. அவரும் உட்கார முடியாது.

#3 பழைய_கணக்கு

நக்கீரரே, மூலதனம் என்றால் அதன் லாபம் யார் கணக்கில் ஏறுகிறது என்றும் பார்க்க வேண்டும். நான் ஓய்வு பெற்ற கணக்காளன், எனக்குத் தெரிந்த வழியில் ஒரு பேரேட்டைத் திறக்கிறேன்.

1949. வாய்ப்பில்லாத ஒரு இளம் நடிகை, வாடகை பாக்கி. டாம் கெல்லி என்ற புகைப்படக்காரர் காலண்டருக்காக அவரை நிர்வாணமாகப் படமெடுக்கிறார். கூலி 50 டாலர். ஒப்புதல் தாளில் அவர் தன் பெயரைக்கூடச் சரியாகப் போடவில்லை, 'மோனா மன்றோ' என்று கையெழுத்திட்டார். தெரிந்தால் பெயர் கெடுமே என்ற பயம்.

நான்கு வருடம் கழித்து அவர் உலகம் அறிந்த மர்லின் மன்றோ. ஹியூ ஹெஃப்னர் என்ற இளைஞர் புதிதாக ஒரு பத்திரிகை தொடங்குகிறார். காலண்டர் கம்பெனியிடமிருந்து அந்தப் படத்தின் உரிமையை 500 டாலருக்கு வாங்குகிறார். 1953 டிசம்பரில் பிளேபாய் முதல் இதழ் வருகிறது, விலை 50 செண்ட், 50 ஆயிரம் பிரதிக்கு மேல் விற்றது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நூறு பிரதி விற்றால் 50 டாலர். அந்த அம்மாவின் மொத்தக் கூலியும் முதல் நூறு பிரதியில் வசூலாகிவிட்டது. மீதி ஐம்பதாயிரத்துச் சொச்சம் பிரதிக்கு அவருக்கு ஒரு செண்ட் வரவில்லை. படத்தை வெளியிடலாமா என்று ஹெஃப்னர் அவரிடம் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய சட்டக் கட்டாயமும் இல்லை, 'மோனா'தான் கையெழுத்துப் போட்டுவிட்டாரே.

பேரேட்டில் கடைசி வரி ஒன்று உண்டு. 1992-இல் ஹெஃப்னர் 75 ஆயிரம் டாலர் கொடுத்து ஒரு கல்லறை மாடம் வாங்கினார், மன்றோவின் மாடத்துக்கு அடுத்தது. 2017-இல் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அதற்கும் அந்த அம்மாவிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.

#4 நடுநிலை_நக்கீரன்

ஐயா, கதை உருக்கமாக இருக்கிறது, வாதம் பலவீனமாக இருக்கிறது. தச்சர் செய்த மேசையை வாங்கியவர் பத்து மடங்கு விலைக்கு விற்றால் தச்சருக்குப் பங்கு உண்டா? அந்தக் காலத்துப் பாடகர்கள் எத்தனை பேர் ஒரே தடவை கூலி வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்தார்கள்? மோசமான ஒப்பந்தம் ஆணுக்கும் நடக்கிறது. இதைப் பெண் பிரச்சினை ஆக்க வேண்டியதில்லை.

#5 பழைய_கணக்கு

தச்சர் மேசையின் அடியில் தன் சொந்தப் பெயரைப் பொறிப்பார். வெட்கப்பட்டுப் பொய்ப் பெயர் பொறிக்கமாட்டார். எனக்கு அந்த வித்தியாசம்தான் உறுத்துகிறது. மற்றவர்கள் பேசட்டும்.

#6 இரவுவாசகி

"சந்தை போட்ட விலை" என்று நக்கீரன் சொன்னதும் எனக்கு விமானப் பணிப்பெண்கள் ஞாபகம் வந்தது. தொழிலாளர் சட்டம் படித்தபோது விழுந்து விழுந்து வாசித்த வழக்குகள்.

1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் பல விமான நிறுவனங்களில் பணிப்பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலை காலி. சிலவற்றில் 32 வயது ஆனாலே காலி. எடை கூடினால் எச்சரிக்கை. 1971-இல் நேஷனல் ஏர்லைன்ஸ் ஒரு பணிப்பெண் முகத்தைக் காட்டி, அவளே "என்னில் ஏறிப் பற" என்று அழைப்பதுபோல விளம்பரம் செய்தது. தலைவலி மாத்திரை கொடுப்பதும், அவசரக் கதவைத் திறக்கப் பயிற்சி எடுப்பதும், விபத்தில் பயணிகளை வெளியேற்றுவதும் அந்தப் பெண்ணின் வேலை. விளம்பரத்தில் மட்டும் அதெல்லாம் காணாமல் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், இதை நீதிமன்றத்தில் உடைக்க உதவியவர்களில் ஆண்களும் உண்டு. தியாஸ் என்பவர் விமானப் பணியாளர் வேலை கேட்டு பான் ஆம் விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு 1971-இல் ஜெயித்தார். 1981-இல் வில்சன் என்பவரின் வழக்கு இன்னும் சுவாரசியம். சவுத்வெஸ்ட் நிறுவனம் ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னது: "ஆமாம், பெண்களை மட்டும்தான் எடுக்கிறோம். குட்டைக் கால்சட்டை, 'அன்பு' என்கிற விளம்பர முழக்கம், இதுதான் எங்கள் கம்பெனியின் அடையாளம், இதை வைத்துத்தான் நஷ்டத்திலிருந்து எழுந்தோம்." நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்வி. நீங்கள் விற்பது என்ன? பயணமா, பெண்ணா? பயணம்தான் என்றால் ஆணும் அந்த வேலையைச் செய்யலாம். கவர்ச்சியே பிரதான சேவையாக இருக்கிற தொழில்கள் வேறு, விமான நிறுவனம் அதுவல்ல என்று முடிந்தது.

செம்பருத்தி, உங்கள் ஸ்டாலுக்கும் அதே கேள்விதான். அங்கே விற்பது கார். கார் விற்கிறவன், உங்களைப் பார்க்க வந்த கூட்டத்தைத் தன் காரைப் பார்க்க வந்த கூட்டமாக எழுதிக்கொள்கிறான். இன்ஜினியர் பையனுக்குச் சம்பளம் குறைவு, சரி. ஆனால் அவனுக்கு 32 வயதில் ஒன்றும் ஆகாது. அனுபவம் ஏற ஏற அவன் விலை ஏறும். உங்கள் விலை என்ன ஆகும் என்று உங்கள் ஒருங்கிணைப்பாளரே வருடத்துக்கு ஒன்று குறைத்துச் சொல்லிக் காட்டுகிறார்.

#7 ஓரக்கண்

+1. கடைசிப் பத்தி சுருக்குனு தைக்குது.

விளையாட்டுப் பக்கத்துல இருந்து ஒண்ணு. 2021 ஜூலை, பல்கேரியாவுல ஐரோப்பிய கடற்கரை ஹேண்ட்பால் போட்டி. நார்வே பெண்கள் அணி பிகினிக்குப் பதிலா ஷார்ட்ஸ் போட்டு ஆடினாங்க. அபராதம் 1,500 யூரோ, தலைக்கு 150. காரணம் "முறையற்ற உடை". விதிப் புத்தகத்துல இருந்தது இது: ஆம்பளைங்க ஷார்ட்ஸ் முட்டிக்கு மேல 10 செ.மீ. இடைவெளி விட்டுப் போடலாம். பொம்பளைங்க பிகினி, இடுப்புப் பக்கத்துல துணியோட அகலம் 10 செ.மீ.க்கு மேல போகக் கூடாது.

ரெண்டுமே 10 செ.மீ.தான், சமத்துவம்னா இதுதான் 😀

உலகமே சிரிச்சதும் அந்த வருஷமே விதியை மாத்தினாங்க. செக்யூரிட்டி சீருடையோட ஒப்பிட்ட நண்பர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். துணி அதிகமா போட்டதுக்கு எந்தச் செக்யூரிட்டியும் அபராதம் கட்டினதில்ல.

#8 கடலை_மன்னன்

ஏங்க, யாரு கழுத்துல கத்தி வெச்சாங்க? அவங்கவங்க இஷ்டப்பட்டுத்தான் போட்டோ போடறாங்க, லைக் வாங்கறாங்க. அப்புறம் வந்து ஐயோ பார்க்கறான் பார்க்கறான்னு

*(மீதி வரிகள் நீக்கப்பட்டன. கேள்வி கேட்கலாம், இழை தொடங்கியவரைப் பற்றி அப்படி எழுதக் கூடாது. அடுத்த முறை கணக்கு முடக்கப்படும். – மட்டுறுத்துநர்)*

#9 பழைய_கணக்கு

அந்தத் தம்பியின் தொனி மோசம், ஆனால் "இஷ்டம்" என்ற சொல் பேச வேண்டியதுதான்.

1929, ஈஸ்டர் ஞாயிறு, நியூயார்க். பெண்கள் தெருவில் சிகரெட் பிடித்தால் கேவலம் என்றிருந்த காலம். ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் திடீரென்று சிகரெட்டைப் பற்ற வைக்கிறார்கள், பத்திரிகைகள் ஓடி வந்து படமெடுக்கின்றன. 'சுதந்திரச் சுடர்கள்' என்று அதற்குப் பெயர். பார்த்தவர்களுக்குப் பெண்ணுரிமைப் போராட்டம். ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ், அவருக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கன் டொபாகோ கம்பெனி. பாதிச் சந்தை சிகரெட் பிடிக்காமல் இருக்கிறதே என்பதுதான் கம்பெனியின் கவலை.

அந்தப் பெண்கள் இஷ்டப்பட்டுத்தான் பற்ற வைத்தார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே விடுதலை உணர்வும் இருந்திருக்கலாம். கல்லா வேறு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

#10 செம்பருத்தி

எல்லாரும் சொல்றது புரியுது. ஆனா எனக்கு ஒரு பயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

2018 ஜனவரி கடைசியில ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துல இனிமே கிரிட் கேர்ள்ஸ், அதாவது பந்தயம் தொடங்கறதுக்கு முன்னாடி கார் பக்கத்துல நிக்கிற பொண்ணுங்க, கிடையாதுன்னு அறிவிச்சாங்க. இந்தக் காலத்துக்கு ஒத்து வராதுன்னு காரணம். அவங்க இடத்துல குழந்தைங்களை நிக்க வெச்சாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அந்த வேலை பார்த்த பொண்ணுங்க சிலர் அப்பவே வெளிப்படையா எழுதினாங்க: எங்களைக் காப்பாத்தறோம்னு சொல்லி எங்க வேலையை எடுத்துட்டீங்க, எங்ககிட்ட யாராவது கேட்டீங்களா?

நிக்க வெச்சவங்களும் கேட்கல, போகச் சொன்னவங்களும் கேட்கல. நாளைக்கு இந்த இழையில இருக்கிற நல்லவங்க எல்லாம் சேர்ந்து ஸ்டால்ல பொண்ணுங்க வேண்டாம்னு சொன்னா, நான் எங்க போறது? பந்தயத்துல கார் ஓட்டற சீட்டு எதையும் அவங்க பொண்ணுங்களுக்குக் காலி பண்ணல.

#11 கதவுத்தாழ்

செம்பருத்தி, இந்தக் கேள்விக்காகத்தான் இப்ப எழுத வந்தேன். நான் பதினோரு வருஷம் பாலியல் தொழில்ல இருக்கிற பெண்கள் வந்து போற ஒரு சுகாதார மையத்துல வேலை பார்த்தேன். உங்க வேலையும் அதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல, யாரும் அப்படித் திரிச்சுடாதீங்க. ஆனா நீங்க சொன்ன பயத்தை அங்க தினமும் கேட்டிருக்கேன்.

சட்டம் போடறவங்க எப்பவும் ரெண்டு கட்சி. ஸ்வீடன் 1999-ல வாங்கறவனுக்குத் தண்டனை, விக்கிறவளுக்கு இல்லைன்னு கொண்டு வந்தது. பிரான்ஸ் 2016-ல அதே வழிக்கு வந்தது. நியூசிலாந்து 2003-ல மொத்தத்தையும் குற்றப் பட்டியல்ல இருந்தே எடுத்துடுச்சு. எது சரின்னு ரெண்டு பக்கமும் மண்டை உடையற சண்டை, எனக்கே வருஷத்துக்கு ஒரு தடவை கருத்து மாறும். பழைய கதை இன்னும் மோசம். பிரிட்டன்ல 1864-ல தொற்றுநோய்ச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, சிப்பாய்களுக்கு நோய் வரக் கூடாதுன்னு. சந்தேகப்பட்ட பொண்ணுங்களைப் பிடிச்சுக் கட்டாயப் பரிசோதனை பண்ணாங்க. சிப்பாய்களுக்குப் பரிசோதனை கிடையாது. ஜோசஃபின் பட்லர் மாதிரி ஆளுங்க போராடி 1886-லதான் அது ஒழிஞ்சது.

1975 ஜூன்ல பிரான்ஸ்ல லியோன் நகரத்துல நூறு பெண்கள் போல ஒரு தேவாலயத்துக்குள்ள போய் உட்கார்ந்துட்டாங்க. "எங்களைத் தூக்கி விடுங்க"ன்னு அவங்க கேட்கல. போலீஸ் அபராதத்தை நிறுத்து, எங்கள்ல சிலரைக் கொன்னவனைப் பிடின்னு கேட்டாங்க. என் மையத்துலயும் அதேதான். முதல் குறை பணம் கம்மின்னு இருக்காது. "அவன் காசு குடுக்காம அடிச்சுட்டுப் போனான், யார்கிட்டப் போய்ச் சொல்றது?" இதுதான் இருக்கும். ஒரு அக்கா மேசையில சாவிக்கொத்தை வெச்சுட்டுச் சொன்னாங்க: "இந்த வீட்டுச் சாவி என்கிட்ட இருந்தா விலையை நான் சொல்லுவேன். அவன்கிட்ட இருந்தா அவன் சொல்லுவான்."

இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்சது, வெட்கம்தான் தரகனோட முதலீடு. அவ வாய் திறந்து பேரம் பேச முடியாது, பேசினா "அப்படிப்பட்டவ". அவளுக்காகப் பேசற தரகன் பேர் கெடறதே இல்ல. அந்த இடைவெளியிலதான் அவன் கமிஷன் இருக்கு.

#12 இரவுவாசகி

கதவுத்தாழ், இதை அப்படியே பணக்காரக் கிளப்புகளில் பார்த்து எழுதியிருக்கிறார் ஆஷ்லி மியர்ஸ். முன்பு மாடலாக இருந்து சமூகவியலாளர் ஆனவர். பெரும் பணக்காரர்கள் ஷாம்பெயினை வாரி இறைக்கும் இரவு விடுதிகளுக்குள் அவரே அந்தப் பெண்களில் ஒருவராகப் போய் ஆய்வு செய்தார்.

முறை இப்படி. மாடல் மாதிரி இருக்கிற பெண்கள் மேசையைச் சுற்றி இருந்தால்தான் பணக்காரர் பாட்டில் மேல் பாட்டில் வாங்குவார். பெண்களைக் கூட்டி வர 'புரமோட்டர்' என்று ஒருவர். கிளப் அவருக்குக் காசு கொடுக்கும். பெண்களுக்கு? இலவசச் சாப்பாடு, இலவசக் குடி, சில சமயம் தங்க இடம். காசு கிடையாது. வேலை என்று சொன்னால் வேடிக்கை கெட்டுவிடுமாம். காசு கேட்கிறவள் எந்த மாதிரிப் பெண் என்று உடனே ஒரு பெயர் விழும்.

விலை உள்ளவள் இலவசமாக இருந்தால்தான் மற்ற எல்லாரும் சம்பாதிக்க முடியும்.

#13 நடுநிலை_நக்கீரன்

சரி, கமிஷன் விஷயம் எனக்கும் உறைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பழைய காலம். இப்போது இணையத்தில் நேரடியாகச் சந்தா வாங்கிக்கொள்கிறார்கள். தரகனே இல்லை. விலை அவளே வைக்கிறாள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இன்னொன்று: ஆணுக்கும் விலை போடுகிறார்கள், பர்ஸைப் பார்த்து. அதைப் பற்றி யாரும் இழை தொடங்குவதில்லை.

#14 வயர்மேன்

பேமென்ட் சிஸ்டத்துல வேலை பார்க்கிறவன் என்கிற முறையில முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

தரகன் போகல சார், சர்வருக்குள்ள போய் உட்கார்ந்துட்டான். நீங்க சொல்ற மாதிரி சந்தா வாங்கற ஒன்லிஃபேன்ஸ் தளம் அவங்க வருமானத்துல 20 சதவீதம் எடுத்துக்குது. 2021 ஆகஸ்ட்ல அவங்க திடீர்னு "இனி வெளிப்படையான பாலியல் உள்ளடக்கத்துக்கு இடமில்ல"ன்னு அறிவிச்சாங்க. எதை வெச்சு வளர்ந்தாங்களோ அதுக்கே தடை. காரணமா வங்கிகளைக் கை காட்டினாங்க. ஒரு வாரத்துக்குள்ள பெரிய எதிர்ப்பு, முடிவை வாபஸ் வாங்கினாங்க. அந்த ஒரு வாரம் அந்தத் தளத்தை நம்பியிருந்தவங்க எப்படித் தூங்கியிருப்பாங்க?

விலையை அவ வைக்கிறா, சரி. ஆனா கடை ஷட்டர் இன்னொருத்தன் கையில. மேல அந்த அக்கா சொன்ன சாவிதான் இது.

விலையே கேட்காம எடுக்கிறதும் இருக்கு. டீப்ஃபேக்னு, கம்ப்யூட்டரை வெச்சு ஒருத்தர் முகத்தை இன்னொருத்தர் உடம்புல ஒட்டற ஒரு வீடியோ கூத்து வந்துச்சே, 2019-ல டீப்டிரேஸ்னு ஒரு நிறுவனம் எண்ணிப் பார்த்தப்போ இணையத்துல இருந்த டீப்ஃபேக் வீடியோக்கள்ல 96 சதவீதம் சம்மதமில்லாத ஆபாச வீடியோ. ஆபாசத் தளங்கள்ல இருந்ததுல மாட்டினது பூரா பொண்ணுங்க முகம். மன்றோவுக்காவது 50 டாலர் வந்துச்சு.

#15 ஓரக்கண்

நக்கீரன், பர்ஸ் இழையை நீங்களே தொடங்குங்க, நான் வந்து எழுதறேன். சத்தியமா. அதுவும் பேச வேண்டிய விஷயம்தான், இங்க குறுக்க போட வேண்டாம்.

#16 செம்பருத்தி

நாலு நாள் கழிச்சு வரேன், மன்னிக்கவும், வேலை இருந்துச்சு.

கதவுத்தாழ் அக்கா, "வெட்கம்தான் தரகனோட முதலீடு"ன்னு படிச்சதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்து உட்கார்ந்துட்டேன். போன வருஷம் ஒரு தடவை நானே நேரா கம்பெனி ஆள்கிட்ட அடுத்த கண்காட்சிக்கு என் ரேட்டைச் சொல்லிட்டேன். எங்க ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியா கூப்பிட்டு, ரொம்ப அக்கறையா, "ரேட்டெல்லாம் நீ பேசாதம்மா, வேற மாதிரி நினைப்பாங்க"ன்னு சொன்னார். நானும் நமக்கு நல்லதுக்குத்தான் சொல்றாருன்னு நன்றி சொன்னேன். நன்றி சொன்னேன் அக்கா! கம்பெனி அவருக்கு எனக்குன்னு எவ்வளவு குடுக்குதுன்னு மூணு வருஷமா எனக்குத் தெரியாது.

பழைய_கணக்கு ஐயா, உங்க பதிவைப் படிச்சுட்டு ஒப்பந்தத் தாளை முதல் தடவையா முழுசா வாசிச்சேன். ஏழாவது ஷரத்து: எடுக்கிற படங்களை "எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும், மேற்கொண்டு கட்டணமின்றி" பயன்படுத்தலாம். மூணு வருஷமா அதுக்குக் கீழதான் கையெழுத்துப் போட்டிருக்கேன். என் சொந்தப் பேர்லதான் போட்டேன், அந்த வரைக்கும் பரவால்ல.

இந்தத் தடவை "எக்காலத்துக்கும்"னு இருந்ததை அடிச்சுட்டு "ஆறு மாதம்"னு எழுதினேன். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் உட்கார நாற்காலின்னு ஒரு வரி சேர்த்தேன். ரேட்டையும் எழுதி, கம்பெனிக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரே மெயில்ல அனுப்பினேன்.

கம்பெனி இன்னும் பதில் போடல. ஒருங்கிணைப்பாளர் மட்டும் நேத்து ராத்திரி போன் பண்ணி, அடுத்த மாசத்துக்கு வேற ஒரு பொண்ணைப் பார்த்தாச்சுன்னு சொன்னார். அந்தப் பொண்ணு எனக்குத் தெரிஞ்சவதான். அவளுக்கு அந்த ஏழாவது ஷரத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கேன். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு.

#17 கதவுத்தாழ்

அவ பதில் சொன்னதும் இங்க எழுதும்மா.